மீனுக்கும் வயிற்றுக் கோளாறு வரும்!

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டி நிறைய உப்பு நீர். அடியில் வெள்ளை மணல். அதில் ஒரு மஞ்சள் நிறக் கடல் மீன் அங்கும் இங்கும் நீந்துகிறது. வீட்டுக் குழந்தைகளுக்கு அதுதான் செல்லம்.

பள்ளியிலிருந்து வந்ததும் அக்காள் ஒரு சிட்டிகை தீனி போடுகிறாள். அவள் போட்டது தம்பிக்குத் தெரியாது. அவனும் ஒரு சிட்டிகை போடுகிறான். இரவில் அப்பா வருகிறார். "பாவம், பசியோடு இருக்கும்" என்று அவரும் ஒரு சிட்டிகை போடுகிறார்.

சில நாட்களில் மீனின் வயிறு உப்புகிறது. மீன் ஒரு மூலையில் ஒதுங்குகிறது. பிறகு தீனியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒரு நாள் காலையில் அது செத்து மிதக்கிறது.

குழந்தைகள் அழுகிறார்கள். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது! திடீரென்று எப்படிச் செத்தது?" என்று கேட்கிறார்கள்.

அது திடீரென்று சாகவில்லை. பல நாட்களாகத் தன் நோயைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பாஷை வீட்டாருக்குப் புரியவில்லை.

கடல் மீன் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் கதை இது. மீனுக்கு வாய் உண்டு, பேச்சு இல்லை. அதன் வயிறும் கழிவுமே அதற்காகப் பேசுகின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவர் மீனைப் பிழைக்க வைக்கலாம்.

கடலில் இருந்தும் தாகம்!

கடல் மீன் தண்ணீர் குடிக்குமா? குடிக்கும். குடித்துக்கொண்டே இருக்கும்!

மாங்காய்த் துண்டின் மேல் உப்பைத் தூவினால் என்ன ஆகிறது? சற்று நேரத்தில் மாங்காய் நீர் விடுகிறது. உப்பு அந்த நீரை வெளியே இழுக்கிறது. கடல் மீனின் கதையும் இதுதான். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனின் இரத்தத்தில் இருக்கும் உப்பு, அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே மீனின் உடம்பிலிருந்து நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. அதை ஈடு செய்ய மீன் கடல் நீரைக் குடிக்கிறது. குடல் அந்த நீரை உறிஞ்சி உடம்புக்குக் கொடுக்கிறது. அதிகப்படி உப்பில் பெரும் பங்கைச் செவுள்கள் வெளியே தள்ளுகின்றன.

குளத்து மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தண்ணீர் குடிப்பது மிகவும் குறைவு.

கடல் மீனின் குடலுக்கு, இப்படி இரண்டு வேலைகள். உணவைச் செரிக்க வேண்டும். உடம்புக்கு நீரும் சேர்க்க வேண்டும். குடல் கெட்டால் பசியோடு தாகமும் சேர்ந்துகொள்ளும். தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு மீன் வறண்டு போகும்!

எல்லா மீனுக்கும் ஒரே வயிறா?

பசுவுக்குப் புல். புலிக்கு மாமிசம். மாற்றிப் போட்டால் இரண்டும் சாகும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் மீன் என்றதும் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து தீனி போடுகிறார்கள்!

'சர்ஜன் மீன்' என்று ஓர் இனம் உண்டு. வால் அடியில் இருபுறமும் கத்திபோல் கூரான முள் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. கடைகளில் 'டாங்' என்பார்கள். கதையின் தொடக்கத்தில் வந்த மஞ்சள் மீனும் இந்த இனம்தான். இவற்றில் பல, பாறைகளில் படர்ந்த பாசியை நாள் முழுவதும் மேய்பவை. ஆடு மாடு மேய்வது போலத்தான். பாசி எளிதில் செரிக்காது. ஆகவே இவற்றின் குடல், உடம்பைப் போலப் பல மடங்கு நீளம். அது சுருண்டு கிடக்கிறது.

அந்தக் குடலுக்குள் ஓர் அதிசயமும் இருக்கிறது. செங்கடலில் வாழும் பழுப்பு நிறச் சர்ஜன் மீனின் குடலில் விசித்திரமான நுண்ணுயிர் ஒன்று இருப்பதை 1985இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அது அரை மில்லிமீட்டருக்கு மேலும் வளரும். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்! இவ்வளவு பெரியது பாக்டீரியாவாக இருக்குமா என்று முதலில் சந்தேகம் இருந்தது. பாக்டீரியாதான் என்று 1993இல் உறுதியாயிற்று. பாசி தின்னும் மீனின் குடல், இப்படிப்பட்ட உயிர்கள் குடியிருக்கும் ஒரு தனி ஊர்.

அந்த மீனுக்குத் தினமும் இறால் துண்டையே போட்டால் என்ன ஆகும்? நார் இல்லாத உணவு குடலில் தங்கும். மலம் கட்டும். வயிறு உப்பும். மீன் நிறம் மங்கி மெலியும்.

சிங்க மீன் இதற்கு நேர் மாறு. அது வேட்டைக்காரன். கிடைத்ததை முழுசாக விழுங்கும். வயிறு பலூன்போல விரியும். போடப் போட விழுங்குவதால், பசியோடு இருக்கிறது என்று நினைத்து மேலும் போடுவார்கள். செரிக்காத இரை வயிற்றிலேயே அழுகும். வளர்ந்த சிங்க மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரை கொடுத்தால் போதும்.

கடற்குதிரையோ இன்னும் வேடிக்கை. அதற்கு இரைப்பையே கிடையாது! தின்ற இரை நேரே குடலில் இறங்கிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் தின்றாக வேண்டும். சிங்க மீனுக்கு நன்மை செய்யும் பட்டினி, கடற்குதிரையைக் கொன்றுவிடும். (இந்தியாவில் கடற்குதிரை 2001 முதல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.)

கழிவு சொல்லும் சேதி

பச்சைக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் பாட்டி முதலில் என்ன கேட்பாள்? "வெளிக்குப் போயிற்றா? என்ன நிறம்?" என்றுதான் கேட்பாள். மீனுக்கும் அதே கேள்விதான்.

நல்ல மீனின் கழிவு, தின்ற தீனியின் நிறத்தை ஒட்டி இருக்கும். பாசி தின்றால் பச்சை. இறால் தின்றால் பழுப்பு அல்லது சிவப்பு. கொஞ்ச நேரத்தில் உதிர்ந்து விழுந்துவிடும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

வயிறு உப்பியிருக்கிறது; கழிவே இல்லை. இது மலச்சிக்கலாக இருக்கலாம்.

வெள்ளை நூல்போலக் கழிவு நீளமாகத் தொங்குகிறது. மீன் நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது. முதுகுச் சதை வற்றி, வயிறு ஒட்டிப் போகிறது. குடலில் புழுவோ வேறு நுண்ணிய ஒட்டுண்ணியோ இருக்கலாம்.

வயிறு வீங்குகிறது. செதில்களும் சிலிர்த்து நிற்கின்றன. இது வெறும் மலச்சிக்கல் அல்ல. உடம்பில் நீர் கோத்திருக்கிறது. ஆபத்தான நிலை.

ஆனால் வெள்ளைக் கழிவைக் கண்டதும் புழு என்று முடிவு கட்டக் கூடாது. நாலு நாள் தின்னாத மீனுக்கும் வெள்ளையாகச் சளிதான் வெளிவரும். 'தின்கிறதா, இல்லையா' என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுபோலவே பெரிய வயிறெல்லாம் நோயும் அல்ல. முட்டை சுமக்கும் பெண் மீனுக்கும் வயிறு பெருக்கும்.

மீன் வேகமாக மூச்சு வாங்கினால் வயிற்றைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். மிஞ்சிய தீனி அழுகினால் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். அது செவுளைத் தாக்கும். அம்மோனியாவைச் சோதிக்கும் சாமான், மீன் கடைகளில் கிடைக்கிறது.

முதல் வைத்தியம் பட்டினி

'லங்கணம் பரம ஔஷதம்' என்பார்கள். பட்டினியே பெரிய மருந்து என்று பொருள். உப்பிய மீனுக்கு இது பொருந்தும். வயிறு உப்பிய, சதைப்பற்றுள்ள மீனுக்கு ஒன்றிரண்டு நாள் தீனியை நிறுத்தலாம். பல மீன்கள் இதிலேயே தேறிவிடும். மெலிந்த மீனைப் பட்டினி போடக் கூடாது.

பிறகு உணவை மாற்ற வேண்டும். பாசி தின்னும் மீனுக்கு, கடல்பாசித் தாளான 'நோரி'யைக் கிளிப்பில் மாட்டித் தொட்டியில் தொங்கவிடலாம். உப்போ மசாலாவோ எண்ணெயோ சேராத தாளாக இருக்க வேண்டும். மாமிசம் தின்னும் சிறு மீனுக்கு ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால் நல்லது. அதன் ஓடு நாராக உதவும். உலர்ந்த உருண்டைத் தீனியை நீரில் ஊற வைத்துப் போடுவது நல்லது. இல்லாவிட்டால் சில தீனிகள் வயிற்றுக்குள் போய் ஊதும்.

ஆட்டு இறைச்சி, மாட்டு இறைச்சி வேண்டாம். அந்தக் கொழுப்பு கடல் மீனுக்குப் பழக்கமில்லாதது. நாளடைவில் ஈரலில் கொழுப்பு சேரும்.

பேதி உப்பும் பூண்டும்

மலச்சிக்கலுக்குப் பேதி உப்பை மீன் வளர்ப்போர் கையாள்கிறார்கள். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, 20 லிட்டர் நீருக்கு ஒரு மேசைக் கரண்டி வீதம் கரைத்து விடுவது வழக்கம். கடல் மீன் தண்ணீர் குடிக்கிறது அல்லவா? ஆகவே மருந்து குடலுக்குப் போய்ச் சேரும்.

பூண்டுச் சாற்றில் தீனியை ஊற வைத்துப் போடுவோரும் உண்டு. வாசனைக்கு மீன் வந்து கடிக்கலாம். ஆனால் பூண்டு புழுவைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

குடலில் உள்ள நுண்ணிய ஒட்டுண்ணிக்கு மெட்ரோனிடசோல், நாடாப் புழுவுக்குப் பிராசிகுவாண்டல் என்ற மருந்துகள் இருக்கின்றன. இவற்றைத் தீனியில் கலந்து கொடுப்பதே சிறந்த வழி. அளவைக் கால்நடை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மனிதர் மாத்திரையைக் குத்துமதிப்பாகப் பொடித்துப் போடுவது ஆபத்து. வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செம்பு மருந்து, குடல் புழுவுக்குப் பயன்படாது. பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் அது விஷம்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. மருந்து தீனியில் இருக்கிறது. மீன் தீனி எடுத்தால்தானே மருந்து உள்ளே போகும்? தின்பதை நிறுத்திய மீனுக்கு மருந்து கொடுப்பது மிகவும் கடினம். ஆகவே "இன்னும் நாலு நாள் பார்க்கலாம்" என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. மெலியத் தொடங்கிய மீன் தின்றுகொண்டிருக்கும்போதே மருந்தைத் தொடங்க வேண்டும்.

வருமுன் காப்பது

கடையில் மீன் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. "தீனி போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். கண் எதிரே தின்னும் மீனையே வாங்க வேண்டும். முதுகு வற்றிய மீனை வாங்கக் கூடாது.

கடலில் பிடித்த மீனைவிட, பண்ணையில் பிறந்த மீன் வீட்டுக்கு ஏற்றது. அது சின்ன வயதிலிருந்தே தொட்டித் தீனிக்குப் பழகியது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். 2003இல் வந்த ஆங்கில சினிமாப் படத்தில் 'நீமோ' என்ற பெயரில் குழந்தைகளின் மனத்தைக் கவர்ந்தது இந்தக் கோமாளி மீன்தான்.

புது மீனை வீட்டுத் தொட்டியில் உடனே விடக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். கழிவு எப்படி, பசி எப்படி என்று இந்த நாட்களில் தெரிந்துவிடும்.

தீனி எவ்வளவு? இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கட்டும். தீனி போடுகிறவர் நேரத்தை அதில் எழுத வேண்டும். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்த பிறகே டப்பாவைத் தொட வேண்டும். அந்த மஞ்சள் மீன் இருந்த வீட்டில் அன்பு குறையவில்லை. மூன்று கைகளும் அன்போடுதான் போட்டன. ஒரு கை மற்றக் கையைக் கேட்கவில்லை. அவ்வளவுதான். சிலேட்டில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த மீன் இன்றும் நீந்திக்கொண்டிருக்கும்.