பிராசஸர் உழைக்கிறதா, காத்திருக்கிறதா?

சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று புகார் வந்தால், பொறியாளரின் கண் முதலில் போவது சிபியு பயன்பாட்டுச் சதவீதத்தின் மேல். 95 என்று காட்டிவிட்டால் போதும், ‘பிராசஸர் திணறுகிறது, இன்னும் நாலு கோர் வாங்கிப் போடுங்கள்’ என்று தீர்ப்பு வந்துவிடும். உண்மையில் அந்த எண், பிராசஸரை ஏதோ ஒரு புரோகிராம் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த நேரத்தில் வேலை நடந்ததா என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஓட்டலில் தோசை மாஸ்டர் சூடான கல்லின் முன் நிற்கிறார். உள்ளேயிருந்து மாவு வந்து சேரவில்லை. வருகைப் பதிவேட்டின்படி அவர் வேலையில்தான் இருக்கிறார், ஆனால் ஒரு தோசைகூட விழவில்லை. பிராசஸர் பாடும் பல நேரம் இதுதான். கேட்ட தரவு பக்கத்திலேயே எல்1 கேஷ் என்ற சிறு நினைவகத்தில் இருந்தால் நாலைந்து துடிப்பில் (கிளாக் சைக்கிள்) கைக்கு வரும். ராம் வரை போய் எடுத்துவர ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு அது 300 துடிப்பு. இடைப்பட்ட நேரத்தில் அடுத்தடுத்த ஆணைகளை முடிந்தவரை செய்துபார்க்கும். அவையும் தீர்ந்தால் சும்மா நிற்கும். நின்ற நேரமும் ‘பயன்பாடு’ என்றே கணக்கில் ஏறும்.

வேலையையும் காத்திருப்பையும் பிரித்துக் காட்டும் ஏற்பாடு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பெர்ஃபார்மன்ஸ் கவுன்டர் எனப்படும் எண்ணிகள் அவை. குறிப்பிட்ட நிகழ்வு ஒவ்வொரு முறை நடக்கும்போதும் எண்ணியின் மதிப்பு ஒன்று கூடும். ஓடிய துடிப்புகள், முடிந்த ஆணைகள், கேஷில் தேடிக் கிடைக்காத தரவுகள், தவறாக ஊகித்த கிளைகள் என்று நூற்றுக்கணக்கான நிகழ்வுகளிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எண்ணச் சொல்லலாம்.

1993இல் வந்த இன்டெல் பென்டியத்தில் இப்படி 40 பிட் எண்ணிகள் இரண்டு இருந்தன. ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் முறையை இன்டெல் வெளியே சொல்லவில்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுக்கே அந்த விவரம் கிடைத்தது. நார்வே நிரலாளர் தெரியே மாதிசென் அதைத் துருவிக் கண்டுபிடித்து, 1994 ஜூலை ‘பைட்’ இதழில் எழுதிப் போட்டு உடைத்தார். இன்று இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் என எல்லாச் சிப்புகளின் கையேடுகளிலும் இந்த நிகழ்வுகளின் பட்டியல் வெளிப்படையாகவே அச்சாகிறது.

இத்தனை நிகழ்வுகளில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டே. முடிந்த ஆணைகளை ஓடிய துடிப்புகளால் வகுத்தால் ஐபிசி கிடைக்கும்: ஒரு துடிப்புக்கு எத்தனை ஆணை என்ற கணக்கு. இன்றைய கோர் ஒரே துடிப்பில் நான்கு ஆணைகளையோ அதற்கு மேலோகூட முடிக்க வல்லது. பயன்பாடு 95 சதவீதமாக இருந்து ஐபிசி ஒன்றுக்குக் கீழே கிடந்தால், பெரும்பாலும் தரவுக்காகக் காத்திருப்பதாகச் சந்தேகிக்கலாம். அப்போது கோர்களைக் கூட்டுவதைவிட, தரவை அடுக்கிவைத்திருக்கும் முறையை மாற்றுவது பலன் தரும்.

லினக்ஸில் 2009இல் வந்த 2.6.31 கெர்னலிலிருந்து இந்த எண்ணிகளைப் படிக்கப் பொதுவான வழி உண்டு. ‘பெர்ஃப்’ என்ற கருவியைக் கையால் ஓட்டினால் அந்த நேரத்து நிலவரம் தெரியும். ஆனால் சிக்கல் நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்து, மூன்று மணிக்குத் தானாகவே போய்விட்டால்? அதற்காகத்தான் ஏஜென்ட். சர்வரின் பின்னணியில் ஓயாமல் ஓடி, சீரான இடைவெளியில் எண்ணிகளைப் படித்து, சேமிக்கும் இடத்துக்கு அனுப்பும் சிறு புரோகிராம் அது. எஸ்ஜிஐ நிறுவனம் உருவாக்கி 2000இல் திறமூலமாக வெளியிட்ட ‘பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட்’ இதற்கு நல்ல உதாரணம். அதில் வட்டு, நெட்வொர்க், தரவுத்தளம் என ஒவ்வொன்றுக்கும் தனி ஏஜென்ட். பிராசஸர் எண்ணிகளுக்கு ‘பெர்ஃப்இவென்ட்’.

எண்ணுவது ஹார்டுவேர் என்பதால் ஏஜென்டுக்குச் செலவு மிகக் குறைவு. அவ்வப்போது எட்டிப் பார்த்து, முந்தைய எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் போதும். எண்ணி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடாதா? 3 கிகாஹெர்ட்ஸ் துடிப்பை எண்ணும் 32 பிட் எண்ணி ஒன்றரை நொடிக்குள் நிரம்பிவிடும். இன்று வழக்கமாக உள்ள 48 பிட் எண்ணிக்கு 26 மணி நேரம் ஆகும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது கூகுள். ஒரே சர்வரில் பலருடைய வேலைகளும் ஓடும்போது, ஒன்று கேஷை அடைத்துக்கொண்டால் பக்கத்து வேலை தளர்ந்துபோகும். 2013இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட சிபிஐ ஸ்கொயர்டு என்ற ஆய்வு இதற்கு வழி சொன்னது. ஒவ்வொரு சர்வரிலும் ஓர் ஏஜென்ட், நிமிடத்துக்கு ஒரு முறை 10 நொடி மட்டும் துடிப்புகளையும் ஆணைகளையும் எண்ணும். ஒரு வேலையில் ஓர் ஆணைக்கு ஆகும் துடிப்பு (சிபிஐ) வழக்கத்தைவிட மிக அதிகமாகி, 5 நிமிடத்தில் மூன்று முறை அப்படித் தெரிந்தால், அதே சர்வரில் யார் குற்றவாளி என்று தேடும். கண்டுபிடித்ததும், அவசரமில்லாத அந்த வேலையை 5 நிமிடத்துக்குக் கட்டிப்போடும். இத்தனைக்கும் ஆன சிபியு செலவு 0.1 சதவீதத்துக்கும் குறைவு.

வரம்புகளும் உண்டு. நிகழ்வுகள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் எண்ணிகள் சிலவே. இன்டெலின் பல சிப்புகளில் ஒரே கோரில் இரண்டு இழைகளை ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் இயங்கும்போது, ஓர் இழைக்கு நிலையான எண்ணி மூன்றும் விருப்பம்போல் அமைக்கக்கூடியவை நான்கும்தான். கெர்னல் உறைந்துபோனால் கண்டுபிடிக்கும் லினக்ஸின் காவல் ஏற்பாடும் அதில் ஒன்றை எடுத்துக்கொள்வதுண்டு. இருப்பதைவிட அதிகம் கேட்டால் கெர்னல் நிகழ்வுகளை முறைவைத்து எண்ணி, மீதி நேரத்துக்கு உத்தேசமாகப் பெருக்கிக் கொள்ளும். ஒவ்வோர் எண்ணியும் எவ்வளவு பங்கு நேரம் உண்மையில் ஓடியது என்பதையும் பெர்ஃப்இவென்ட் ஏஜென்ட் கூடவே தருகிறது. அந்தப் பங்கு குறைவாக இருந்தால், எண்ணை அளவீடாகக் கொள்ளக்கூடாது; மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

இன்னொன்று பாதுகாப்பு. கேஷ் நடமாட்டத்தைக் கவனித்தே அடுத்த புரோகிராமின் ரகசியத்தை ஊகிக்க முடியும் என்பதால், லினக்ஸ் சாதாரணப் பயனருக்கு இந்த எண்ணிகளை முழுதாகத் திறந்துவிடுவதில்லை. வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்கள் பலவற்றில் இவை தென்படுவதே இல்லை. ஏஜென்டை நிறுவும் முன் இந்த இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குபவர்கள் முதல் நாளே நாற்பது நிகழ்வுகளைப் பட்டியலிட வேண்டாம். துடிப்பு, ஆணை, கடைசி நிலைக் கேஷில் தவறியவை ஆகிய மூன்றே போதும். நல்ல ஐபிசி இதுதான் என்று எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் சர்வர் ஒழுங்காக ஓடும் வாரத்தில் எடுத்த கணக்கே உங்களுக்கு அளவுகோல். அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த பிறகு, புது ஹார்டுவேர் வாங்கப் பணம் கேளுங்கள்.