தபால் பெட்டியில் ஒரு பெயர்

பெர்லினில் தனியே முதல் வீடு எடுப்பவர், கதவைத் திறந்ததும் திகைக்கக்கூடும். கூரையில் விளக்கு இராது; மின்கம்பிகள் மட்டும் தொங்கும். சில வீடுகளில் அடுப்பும் கழுவுதொட்டியும்கூட இரா. முன்பு குடியிருந்தவர் அவற்றைத் தம்முடன் எடுத்துச் சென்றிருப்பார். அங்கே அது வழக்கம். ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். எனவே சனிக்கிழமை இரவு குடியேறுவது அறிவுடைமையன்று.

பணத்தைக் கையாள்வதில் கூடுதல் கவனம் தேவை. விளம்பரத்தில் காணும் ‘குளிர் வாடகை’ முழு வாடகையன்று. தண்ணீர், குப்பை அகற்றல், பெரும்பாலும் வெப்பமூட்டல் ஆகியவற்றின் செலவும் சேர்ந்ததே ‘வெப்ப வாடகை’. முன்பணம் 3 மாதக் குளிர் வாடகையை மீறலாகாது என்பது சட்டம். அதனை 3 மாதத் தவணைகளில் செலுத்தவும் வாடகைதாரருக்கு உரிமையுண்டு. இதனை அறியாது கையிருப்பு அனைத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டால், அடுப்பு வாங்கவும் பணம் மிஞ்சாது. வீட்டைக் காட்டாமலே முன்பணம் கேட்பவருக்கு ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம்.

குடியேறிய 2 வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். உரிமையாளர் தரும் குடியேற்றச் சான்று அதற்கு இன்றியமையாதது.

பெரும்பாலான முகவரிகளில் அடுக்ககத்தின் கதவெண் இராது. தபால்காரர் பெட்டியிலுள்ள பெயரையே தேடுவார். பெயரில்லையேல் வங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணும் திரும்பிச் சென்றுவிடும். நம்மவர்க்கோ முன்னெழுத்துச் சிக்கல் வேறு! கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்திருப்பின், பெட்டியிலும் அவ்வாறே எழுதி ஒட்டுக.