பிரேக் பிடித்தால் கரண்ட் வருமா?

இந்த மாதம் நான் ஹைபிரிட் கார் பற்றி எழுதுகிறேன். ஏன் இதை எடுத்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எங்க ஆயாவை சேலம் ஆஸ்பத்திரிக்கு மாமா காரில் கூட்டிக்கொண்டு போனோம். மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். தொப்பூர் கணவாய் இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் போட்டார். "ஏன் மாமா?" என்றேன். "இறக்கம்தானே கண்ணு, டீசல் மிச்சம்" என்றார். கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது. மிதிச்சு மிதிச்சு பிரேக் சூடேறிப் போச்சு. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆயா என் கையை விடவே இல்லை.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

ஓடும் வண்டிக்கு இயக்க ஆற்றல் உண்டு. 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போனால் அது சுமார் 2 லட்சம் ஜூல். பிரேக் பிடித்து நிறுத்தினால் அவ்வளவும் வெப்பமாகி வீணாகிவிடும். அந்த வெப்பத்தை வைத்து ஒரு லிட்டர் தண்ணீரை 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கலாம். ஒரு தடவை நிறுத்துவதற்கே இவ்வளவு என்றால், கணவாய் முழுக்க எவ்வளவு! திரும்பி வரும்போது அதே மலையை டீசலை எரித்துத்தான் ஏறினோம்.

வீணாவதைப் பிடிப்பது எப்படி?

ஹைபிரிட் என்றால் கலப்பு. தக்காளியில் ஹைபிரிட் விதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஹைபிரிட் காரில் பெட்ரோல் இன்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து வேலை செய்கின்றன.

தாத்தா சைக்கிளில் டைனமோ பார்த்திருப்பீர்கள். அதை டயரில் சாய்த்தால் விளக்கு எரியும், ஆனால் மிதிக்கக் கனமாக இருக்கும். அதேதான் இங்கேயும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் மோட்டார் டைனமோவாக மாறிவிடும். சக்கரம் அதைச் சுற்றுவதால் வேகம் குறையும், பேட்டரி ஏறும். எல்லா சக்தியும் திரும்பக் கிடைக்காது. திடீரென்று அழுத்திப் பிடித்தால் சாதாரண பிரேக்கும் சேர்ந்து வேலை செய்யும்.

சாதாரண காரை எப்படி மாற்றினார்கள்?

நமக்குத் தெரிந்த இன்னோவாவையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரு பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில் தயாராகி 2005-ல் டீசல், பெட்ரோல் வண்டிகளாக வந்தது. அதன் ஹைபிரிட் வண்டி இன்னோவா ஹைகிராஸ் 2022 நவம்பரில் அறிமுகமானது. சும்மா மோட்டாரை வைத்துக் கட்டிவிடவில்லை.

1. டீசலுக்குப் பதில் 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஹைபிரிட்டுக்கு வைக்கும் 'அட்கின்சன்' முறை இன்ஜின் எரிபொருளை மிச்சம் பிடிக்கும், ஆனால் கிளம்பும்போது இழுவை குறைவு. அந்தக் குறையை மோட்டார் சரிக்கட்டும்.

2. மோட்டாரே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும். தனி ஸ்டார்ட்டர் தேவையில்லை.

3. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. வீட்டு பிளக்கில் போட்டு சார்ஜ் செய்ய வேண்டாம்.

தர்மபுரி நாலு ரோடு மாதிரி நெரிசலில் நின்று நின்று போகும்போது இன்ஜின் தானாக அணைந்து மோட்டார் ஓட்டும். கம்பெனி சொல்லும் மைலேஜ்: ஹைகிராஸ் சாதாரண பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு 16.13 கி.மீ., ஹைபிரிட்டுக்கு 23.24 கி.மீ. ரோட்டில் இதைவிடக் குறையும். விலையோ லட்சக்கணக்கில் அதிகம்.

உங்களுக்குத் தெரியுமா?

உலகில் முதலில் பெருமளவில் தயாரான ஹைபிரிட் கார், 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ்.

முக்கியமான விஷயம்

ஹைபிரிட் கார் பற்றிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. டொயோட்டா ஹைபிரிட்டில்கூட நியூட்ரலில் போட்டால் பேட்டரி ஏறாது! கியரில் இருந்தால்தான் மோட்டார் சக்தியைப் பிடிக்கும். நம் ஊர் டீசல் வண்டிக்கும் இது பொருந்தும். இப்போதைய இன்ஜின்களில், கியரில் வைத்துக் காலை எடுத்து இறங்கினால் டீசல் போவதே நின்றுவிடும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆக, மாமா நினைத்த மிச்சமும் இல்லை, பிரேக்கும் போச்சு.

இதை மாமாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வந்து, "நீ சொன்னது சரிதான்" என்றார். இப்போது தொப்பூரில் மூன்றாவது கியரில்தான் இறங்குகிறார்.

ஹைபிரிட் கார் வாங்க எங்களிடம் காசு இல்லை. ஆனால் கியரில் இறங்கக் காசு வேண்டாமே! உங்கள் வீட்டில் யாராவது வண்டி ஓட்டினால் இன்றைக்கே சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, மாரண்டஹள்ளி