சொந்த வாழ்க்கையை ஆன்லைனில் பகிரும் பெண்கள்... பெண்ணியம் என்ன சொல்கிறது?

பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வு, விவாகரத்து, வேலை இடத்தில் பட்ட தொல்லை... இதையெல்லாம் ஒரு பெண் சோஷியல் மீடியாவில் எழுதினால், "வீட்டு விஷயத்தை ஊருக்கு ஏன் சொல்லணும்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். பெண்ணியத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

எங்கே தொடங்கியது?

1960களின் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் சிறு குழுக்களாகக் கூடி, வீட்டுவேலை, கருக்கலைப்பு, தாம்பத்தியம் பற்றி மனம்விட்டுப் பேசினார்கள். "இது அரசியலே இல்லை, வெறும் மன ஆறுதல்" என்ற கிண்டலுக்கு, கரோல் ஹானிஷ் 1969இல் ஒரு கட்டுரையில் பதில் எழுதினார். 'தனிப்பட்டதும் அரசியலே' என்ற தலைப்பில் அது 1970இல் வெளியானது. பலருக்கும் ஒரே பிரச்சினை என்றால், அது ஒருத்தியின் குறை அல்ல என்பதே அதன் சாரம்.

தரானா பர்க் 2006இல் தொடங்கிய 'மீ டூ', 2017 அக்டோபரில் ஹேஷ்டேக்காகப் பரவியதும் இதே வழியில்தான்.

எதிர்ப்பு ஏன்?

பெண்ணியவாதிகளிலேயே சிலர் எச்சரிக்கிறார்கள். அன்றைய குழுவில் யார் கேட்கிறார்கள் என்பது தெரியும். இன்று தெரியாது. ஒருத்தியின் கண்ணீர் வியூஸ் ஆகிறது. வியூஸ் விளம்பரக் காசாகிறது. சாதி, வறுமை, வீட்டுக் கட்டுப்பாடு காரணமாக எல்லாப் பெண்களாலும் ஒரே மாதிரி பேசிவிடவும் முடியாது. பேசாதவரைக் கோழை என்பதும் நியாயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில், பத்திரிகையாளர் பிரியா ரமணியை டெல்லி நீதிமன்றம் 2021 பிப்ரவரி 17 அன்று விடுவித்தது. பல ஆண்டுகள் கழித்தும், தான் விரும்பும் தளத்தில் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது தீர்ப்பு.

"அவங்களே சம்மதிச்சுத்தானே எடுத்தாங்க?" என்ற சாக்கும் செல்லாது. அந்தரங்கப் படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பரப்பச் சம்மதிக்காவிட்டால், பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் தரலாம்.

எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது, எதோடு நிறுத்துவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒன்றைச் சொன்னதாலேயே மற்றதற்கும் சம்மதம் என்று ஆகிவிடாது.