லீவுக்குள் அடங்கும் தீவுகள்

ஷிப்ட் முடிந்த பிறகு – 9

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் பக்கத்து ஆலைகளில் வேலை பார்ப்பவர்களிடம் அந்தமான் பேச்சை எடுத்தால், பணத்துக்கு முன்னால் லீவைத்தான் எண்ணுவார்கள். அதுதான் சரி. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த கணக்கு. அப்படியென்றால் ஐந்து நாள் பயணம் என்பது நூறு நாள் உழைப்பு. பகல் ஷிப்டும் நைட் ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துச் சேர்த்த நாட்கள். அவற்றைக் கொண்டுபோய் ‘நாலு ராத்திரி, ஆறு தீவு’ என்று அச்சடித்த பேக்கேஜில் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

லட்சத்தீவு இந்த முறை வேண்டாம். கொச்சி வரை போக வேண்டும், அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், ஐந்து நாளுக்குள் அது ஓடாது. அந்தமானுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் உண்டு. ஆனால் போகவே ஏறக்குறைய மூன்று நாள். மீனம்பாக்கத்திலிருந்து விமானம் என்றால் இரண்டேகால் மணி நேரம்.

அந்தமான் நிகோபாரில் தீவும் திட்டும் பாறையுமாக 836 இருப்பதாக அரசுக் கணக்கு. மக்கள் வாழ்பவை முப்பத்துச் சொச்சம்தான். நிகோபார் தீவுகள் சுற்றுலாவுக்குத் திறந்தவை அல்ல. ஆகவே நாம் தேர்ந்தெடுக்க மிஞ்சுவது கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். பெயர்களில் மட்டும் கவனம் வேண்டும். ஹேவ்லாக் 2018இல் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. 2024இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்களே ஓடுவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு மாற எவ்வளவு நேரம் பிடிக்கும்? போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம் என்பார்கள். அறையைக் காலி செய்து, ஆட்டோ பிடித்து, ஜெட்டியில் வரிசையில் நின்று, பெட்டிகளை ஏற்றி இறக்கினால் அரை நாள் போயே போய்விடும். கடிகாரம் நம்முடையதுதான் என்றாலும் அந்தத் தீவுகள் வெகுதூரம் கிழக்கே கிடப்பவை. ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். அங்கே அரை நாளை இழப்பது பெரிய இழப்பு.

ஐந்து நாள் கையில் இருப்பவருக்கு என் யோசனை இது: காலை விமானத்தில் இறங்கியதும் போர்ட் பிளேரில் தங்காமல் அன்று மதியமே ஹேவ்லாக். அங்கே இரண்டு இரவு, நீலில் ஒரு இரவு, கடைசி இரவு போர்ட் பிளேரில். ஹேவ்லாக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்கூபா டைவிங்குக்குப் பெரும்பாலோர் போவது அங்கேதான். நீச்சல் தெரியாதவரையும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கடலுக்கடியில் கூட்டிப்போவார். ஆனால் டைவ் முடிந்தபின் விமானம் ஏறப் பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற அவகாசம் வேண்டும். ஹேவ்லாக்கைக் கடைசியில் வைக்கும் பேக்கேஜ்கள் இதை யோசிப்பதில்லை.

அப்பா அம்மாவோடு போகிறவர்கள் ஹேவ்லாக்கில் ஒரு இரவைக் குறைத்து நீலில் கூட்டிக்கொள்ளலாம். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் காய்கறி பயிரிடும் சின்னத் தீவு அது. பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று கடற்கரைகளுக்கெல்லாம் ராமாயணப் பெயர். பரத்பூரில் வெகுதூரம் வரை தண்ணீர் ஆழமில்லை; கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தபடியே பவளப் பாறைகளைப் பார்க்கலாம். லக்ஷ்மண்பூரின் இயற்கைப் பாலத்துக்கு மட்டும் கடல் வற்றும் நேரம் விசாரித்துப் போங்கள்.

ஆறாவது நாள் கிடைத்தால் ஜாலி பாய். வண்டூரிலிருந்து போய் அன்றே திரும்ப வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பது இது. இதையும் ரெட் ஸ்கின் தீவையும் பருவம் மாற்றி மாற்றித்தான் திறக்கிறார்கள். பவளத்துக்கும் லீவு தருகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

பாராடாங் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாப் பேக்கேஜிலும் அது உண்டு: விடியுமுன்னே கிளம்பி, ஜிர்காடாங்கில் வண்டிகளோடு வரிசை கட்டி, ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்கு நடுவே போகும் பயணம். முடிவில் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும். அந்தக் காட்டுக்குள் போகும் சாலையை மூட 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த காணொளி 2012இல் வெளியாகி நாடே தலைகுனிந்தது. படம் எடுக்கத் தடை இருக்கிறது, காவலும் இருக்கிறது. ஆனாலும் சில நூறு பேரே மிஞ்சியிருக்கும் மக்களின் வீட்டுக்குள் புகுந்து தினமும் நூற்றுக்கணக்கானோர் போய்வருவது தவறு. குகை பார்க்க ஆசையா, ஆந்திராவில் அரக்கு பக்கத்தில் போரா குகைகள் இருக்கின்றன, ரயிலிலேயே போகலாம்.

கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைக்கச் சொன்னது கடலை நம்ப முடியாது என்பதால். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். நவம்பர், டிசம்பரில் இது சகஜம். நீலில் மாட்டிக்கொண்டு விமானத்தை விட்டால் டிக்கெட் பணத்தோடு ஒரு நாள் சம்பளமும் போகும். பொங்கலை ஒட்டி லீவு கிடைப்பவர்கள் பாக்கியவான்கள், அப்போது கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். போர்ட் பிளேரில் மொழிக் கவலையும் வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் வங்காளம், இந்திக்கு அடுத்து அதிகம் பேர் பேசுவது தமிழ்.

எட்டு நாள் லீவு சேர்த்தவர்கள் வடக்கே டிக்லிப்பூர் வரை போகலாம். ராஸ், ஸ்மித் என்ற இரண்டு தீவுகளை ஒரு மணல்திட்டு இணைக்கும் இடம் அங்கே இருக்கிறது. சாலை வழி அதே ஜாரவா காட்டுக்குள் போவதால் அரசுக் கப்பலில் போவதே முறை. அந்தக் கப்பலுக்குச் சீட்டு வாங்குவது எப்படி என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.