உட்கார்ந்தே இருந்தால் உடம்பு என்ன ஆகும் தெரியுமா?

ஒரே பஸ், ஒரே ரூட். ஆனால் டிரைவருக்கு இதய நோய் அதிகம், கண்டக்டருக்குக் குறைவு! எப்படி?
லண்டனின் மாடி பஸ்களில் டிக்கெட் கொடுக்க, கண்டக்டர்கள் நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறினார்கள். டிரைவர்களோ சீட்டை விட்டு அசையவே இல்லை! டாக்டர் ஜெர்ரி மாரிஸ் 1953-ல் வெளியிட்ட ஆய்வு இது. தபால் துறையிலும் இதே கதைதான்: நடந்து கடிதம் கொடுத்தவர்களைவிட, நாற்காலியில் இருந்த குமாஸ்தாக்களுக்கே ஆபத்து அதிகம்!

யூனிஃபார்ம் பேன்ட்டைக்கூட மாரிஸ் விட்டுவைக்கவில்லை, தெரியுமா?
1956-ல் பஸ் ஊழியர்களின் பேன்ட் அளவுகளை மாரிஸ் குழு அலசியது. எந்த வயதை எடுத்தாலும் டிரைவர்களின் இடுப்புதான் பெரிது! ஓடியாடி வாழ்ந்த மாரிஸ், 99 வயது வரை இருந்தார்!

மூன்று வாரம் படுத்தால் என்ன குறைந்துவிடும்?
1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில், ஆரோக்கியமான 5 இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐவரையும் சோதித்தால்... வயதானதால் குறைந்த தெம்பைவிட, அந்த மூன்று வாரத்தில் குறைந்ததுதான் அதிகம்! அதைவிட ஆச்சரியம், 50 வயதைத் தாண்டிய அவர்கள் ஆறு மாதம் பயிற்சி செய்ததும், 30 வருடத்தில் போன தெம்பு திரும்பி வந்துவிட்டது!

நாற்காலியும் உயிரை வாங்குமா?
1940-ல் லண்டன்மீது குண்டு விழுந்தபோது, பதுங்குமிடங்களில் மக்கள் சாய்வு நாற்காலியிலேயே இரவைக் கழித்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று எகிறியது! கால் அசையாமல் இருந்தால் ரத்தம் எளிதில் மேலேறாமல் தேங்கி உறையலாம்; அந்தக் கட்டி நுரையீரல்வரை போய் அடைக்கலாம். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அதனால்தான் அந்தத் தசைக்கு ‘இரண்டாவது இதயம்’ என்று பெயர்!

நம் ஊர் கணக்கு தெரியுமா?
2022-ல் உலகில் 31 சதவீதம் பெரியவர்கள் போதுமான அளவு உடலை அசைக்கவில்லை. இந்தியாவில்? ஏறக்குறைய 50 சதவீதம்! 2000-ஆம் ஆண்டில் இது 22 சதவீதம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இருபத்திரண்டே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல்!

தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?
யார் சொன்னது? 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் விளம்பரத்தில் பிரபலமான எண் அது! சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு ஆபத்து 41 சதவீதம் குறைவு! யாரோடு ஒப்பிட்டு? 2,700 அடி மட்டும் நடந்தவர்களோடு!

90 வயதில் தசை வளருமா?
வளரும்! 1990-ல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில், சுமார் 90 வயதுள்ளவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது!

89 வயதில் முதல் மராத்தானா?
பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங், 2000-ல் லண்டனில் அந்த வயதில்தான் 42 கிலோமீட்டர் ஓடினார்! 2011-ல் டொரான்டோவில், பாஸ்போர்ட் கணக்குப்படி 100 வயதில், 8 மணி 11 நிமிடத்தில் இன்னொரு மராத்தானை முடித்தார்! பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் மட்டும் ஏற்கவில்லை!

எப்படி ஆரம்பிப்பது?
வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போதும். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் எடுத்துவிட்டது. தெருமுனைக் கடைக்கு 3 நிமிடம் வேகமாக நடந்தாலும் கணக்கில் சேரும்! நெஞ்சு வலியோ சர்க்கரையோ இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்றைக்கே பைக் சாவியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்!