நெல் வயலும் மீத்தேனும்: தண்ணீரை எப்போது வடிப்பது?

நடவு முடிந்து ஒரு மாதமான வயலில் இறங்கிச் சேற்றைக் காலால் அழுத்தினால் குமிழிகள் கிளம்பும். அந்தக் குமிழிகளில் கணிசமான பங்கு மீத்தேன். சாண எரிவாயுக் கலத்துக்குள் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. கலத்துக்கு மூடி உண்டு, வாயுவைக் குழாய் வழியே அடுப்புக்குக் கொண்டுபோகிறோம். வயலுக்கு மூடி இல்லை. மனிதச் செயல்களால் காற்றில் சேரும் மீத்தேனில் ஏறக்குறைய 8 முதல் 10 சதவீதம் உலகின் நெல் வயல்களிலிருந்து வருகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

குற்றவாளி நெல் அல்ல, தேங்கி நிற்கும் தண்ணீர். வயலில் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று புகும் வழி அடைபடுகிறது. உள்ளே மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வேரும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். அதன்பிறகு மண்ணிலுள்ள நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தி வேறு நுண்ணுயிர்கள் பிழைப்பு நடத்தும். அவையும் தீர்ந்த பிறகுதான் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் முறை வரும். ஆக்சிஜன் பட்டால் இவற்றின் வேலை நின்றுபோகும். பழைய தாள், வேர்க்கசிவு, தழை என்று மண்ணில் மட்கும் பொருள் எதுவானாலும் இவற்றுக்குத் தீனிதான். உண்டான வாயுவில் ஒரு பகுதியை, வேரைச் சுற்றியும் மண்ணின் மேல்பரப்பிலும் இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன. தப்பித்தது மேலே வருகிறது.

அது மேலே வரும் பாதை விசித்திரமானது. சேற்றுக்குள் மூச்சு முட்டாமல் இருக்க, இலையிலிருந்து வேர்வரை காற்றுக் குழல்களை வைத்துக்கொண்டிருக்கிறது நெற்பயிர். அந்தக் குழல்கள் வழியே ஆக்சிஜன் கீழே இறங்குகிறது, மீத்தேன் மேலே ஏறுகிறது. வெளியேறும் வாயுவில் 90 சதவீதம்வரை இப்படிப் பயிரின் உடல் வழியாகவே போகக்கூடும். கண்ணுக்குத் தெரியும் குமிழிகள் மிச்சப் பங்குதான்.

மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும். ஆனால் தங்கும் காலத்தில் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரன். 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்கும், 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கும் வலிமை. எனவே இதைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். காலநிலை மாநாடுகளில் மீத்தேனைப் பற்றி இத்தனை பேச்சு எழுவது அதனால்தான்.

அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய கசப்பும் உண்டு. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக மதிப்பிட்டது. மேலைநாட்டு வயல்களில் அளந்த அளவை இந்தியப் பரப்பளவால் பெருக்கி வந்த எண் அது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ரா தலைமையில் 1991இல் இந்திய விஞ்ஞானிகள் பல மாநிலங்களில் வயலிலேயே இறங்கி அளந்தார்கள். பயிரின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஊசிக்குழலால் உறிஞ்சி, ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கும் முறை. கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். முன்பு சொன்னதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! இந்திய வயல்களில் பாதிக்கு மேல் சாகுபடி முழுக்கத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்பவை அல்ல. மானாவாரி நிலங்கள் பல, நடுவில் காய்ந்துபோகும் வயல்கள் பல. அந்த வேறுபாடு மேலைநாட்டுக் கணக்கில் இல்லை.

அதே 1991இல் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலில் கேட்ட கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது: சோற்றுக்காக வயலிலிருந்து எழும் வாயுவையும், ஆடம்பரக் காரிலிருந்து எழும் வாயுவையும் ஒரே தராசில் வைக்கலாமா? 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021இல் கிளாஸ்கோவில் பல நாடுகள் எடுத்த உறுதிமொழியில் இந்தியா சேராமல் நின்றதற்கு மாடும் நெல்லுமே காரணம். அந்த நிலைப்பாட்டில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதைக் காரணம் காட்டி வயலைப் பற்றிப் பேசாமலே இருப்பதில் நியாயம் இல்லை. ஏனென்றால் மீத்தேனைக் குறைக்கும் வழி தண்ணீரையும் மிச்சப்படுத்துகிறது. தண்ணீர் நம் கவலை.

வழி இதுதான்: சாகுபடி முழுக்கத் தண்ணீரைக் கட்டி நிறுத்தாமல், விட்டுவிட்டுப் பாய்ச்சுவது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் வேளாண்மைத் துறைக் கையேடுகளில் இதைப் படித்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு எளிய கருவியைப் பரப்பியது. ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய், 10 முதல் 15 சென்டிமீட்டர்வரை அகலம், கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளைகள். பாதி மண்ணுக்குள் இருக்கும்படி இறக்கி, உள்ளே அடைந்த சேற்றை வாரி எடுத்துவிட வேண்டும். வயலின் மேலே ஈரமே தெரியாவிட்டாலும், உள்ளே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். நட்டு இரண்டு வாரம்வரை களை வராமலிருக்கத் தண்ணீர் நிற்கட்டும். அதன்பின் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை மடையைத் திறக்க வேண்டியதில்லை. இறங்கியதும் மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்சி, மறுபடி காயவிடலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் இந்த விளையாட்டு கூடாது. அப்போது தண்ணீர் குறைந்தால் பதராகும்.

15 சென்டிமீட்டர் என்பது ஏதோ ஒரு எண்ணல்ல. அந்த ஆழத்தில் தண்ணீர் இருக்கும்வரை வேர் எட்டிக் குடித்துக்கொள்ளும், மகசூல் குறையாது. அதைத் தாண்டி வயல் பாளம் பாளமாக வெடிக்கும்வரை விட்டால் மகசூலும் போகும், அடுத்து விடும் தண்ணீர் வெடிப்பு வழியே கீழே ஓடியும் போகும். ஒழுங்காகச் செய்த இடங்களில் பாசன நீர் 30 சதவீதம்வரை மிச்சமாகியிருக்கிறது.

மீத்தேன் கணக்கு இன்னும் சுவையானது. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2019இல் திருத்திய முறைப்படி, எப்போதும் தண்ணீர் நிற்கும் வயல் 100 பங்கு மீத்தேன் விட்டால், நடுவில் ஒருமுறை வடித்த வயல் 71 பங்கும், பலமுறை வடித்த வயல் 55 பங்கும் விடும். சில நாள் காய்ச்சலுக்கு இவ்வளவு பலனா என்றால், காரணம் மேலே சொன்ன வரிசைதான். காற்று புகுந்ததும் மண்ணிலுள்ள இரும்பு மறுபடி துருப்பிடித்த நிலைக்குத் திரும்புகிறது, நைட்ரேட்டும் சேர்கிறது. மீண்டும் தண்ணீர் கட்டினாலும் அவையெல்லாம் தீர்ந்த பிறகுதான் மீத்தேன் நுண்ணுயிர்கள் தொடங்க முடியும்.

இங்கே நிறுத்திக்கொண்டால் விளம்பரத் துண்டறிக்கையாகிவிடும். காற்று புகும் வயலில் இன்னொரு வாயு கிளம்புகிறது. யூரியாவிலிருந்து வரும் தழைச்சத்து, ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வரும்போது நைட்ரஸ் ஆக்சைடாக மாறிப் பறக்கும். இது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 273 மடங்கு வலியது, காற்றில் நூறாண்டுக்கு மேல் தங்குவது. தென்னிந்திய வயல்களில் அளந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கடுமையாகக் காயவிட்ட வயல்களில் இந்த வாயு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் என்றது. அந்த அளவு மற்ற இடங்களில் காணாதது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். சண்டை எப்படி முடிந்தாலும் விவசாயிக்கு உரிய பாடம் ஒன்றுதான்: தேவைக்கு மேல் யூரியா வேண்டாம், போட்டதும் தண்ணீர் கட்டிவிட வேண்டும், வயலை வெடிக்கவிடக் கூடாது.

இயற்கை விவசாய நண்பர்களுக்குப் பிடிக்காத செய்தி ஒன்றும் உண்டு. தக்கைப்பூண்டை மடக்கி உழுதாலும், வைக்கோலை அப்படியே சேற்றில் அமுக்கினாலும், தண்ணீர் நிற்கும் வயலில் மீத்தேன் கூடும். பச்சையான தழை அந்த நுண்ணுயிர்களுக்கு விருந்து. தழையுரம் தவறு என்று இதற்குப் பொருளில்லை, மண்ணுக்கு அது செய்யும் நன்மை வேறு. வைக்கோலை மட்கவைத்து இடுவதும், தண்ணீர் கட்டுவதற்குச் சில வாரம் முன்பே உழுதுவிடுவதும் மீத்தேனைக் குறைக்கும். இயற்கை என்ற பெயர் ஒட்டியதாலேயே காற்றுக்கு நல்லது என்று எண்ணிவிட முடியாது, அவ்வளவே.

இவ்வளவு எளிய முறை ஏன் எல்லா வயலிலும் இல்லை? மடை யார் கையில் என்பதில்தான் விடை இருக்கிறது. தமிழ்நாட்டில் பம்ப்செட் வைத்திருப்பவருக்கு மின்சாரம் இலவசம். மும்முனை மின்சாரம் பல ஊர்களில் சில மணி நேரமே வரும், எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் ஓடும். மிச்சம் பிடித்த தண்ணீருக்குக் காசு வரப்போவதில்லை. அப்படியிருக்கக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க அவருக்கு என்ன அவசரம்? வங்கதேசத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பலர் மோட்டார் வைத்திருப்பவருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டுகிறார்கள். தண்ணீரைக் குறைத்தால் லாபம் மோட்டார்காரருக்கே.

வாய்க்கால் பாசனத்தில் நிலைமை இன்னும் கடினம். மேட்டூர் திறந்து, முறைவைத்து வரும் தண்ணீரைக் கடைமடையில் ஒருவர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால், அடுத்த முறை அது வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? வந்தபோது கட்டி வைப்பதே அவருக்குக் காப்பீடு. சம்பாவிலும் தாளடியிலும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வயலை வடிப்பது நம் விருப்பத்தில் இல்லவே இல்லை, வடிகால் ஒழுங்காக இருந்தாலே பெரிய காரியம். ஆகவே காவிரி டெல்டாவில் இந்த முறை பொருந்துவது குறுவைக்கு, அதிலும் நிலத்தடி நீரை இறைத்துச் சாகுபடி செய்பவர்களுக்கு. மாநிலம் முழுமைக்கும் ஒரே அறிவுரை கொடுப்பது 1990இல் செய்த தவறையே வேறு வடிவில் செய்வதாகும்.

வாய்க்காலிலும் முடியும் என்று பிலிப்பைன்ஸின் போஹோல் தீவு காட்டியது. அங்கே தனித்தனி விவசாயியிடம் கெஞ்சவில்லை. நீர்ப்பாசன நிர்வாகமே பகுதி பகுதியாக முறைவைத்துத் தண்ணீர் விட்டு நிறுத்தியது, தலைமடைக்காரர்கள் மட்டும் அனுபவித்த தண்ணீர் கடைமடைக்கும் போய்ச் சேர்ந்தது. வியட்நாம் 2023இல் மீகாங் டெல்டாவில் 10 லட்சம் ஹெக்டேரைக் குறைந்த உமிழ்வு நெல்லுக்கு 2030க்குள் மாற்றும் திட்டத்தை அறிவித்தது. இரண்டிலும் அரசு அமைப்பே பொறுப்பு ஏற்றிருக்கிறது.

சாப்பிடுபவர் என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியாக 4 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயு வெளியேறுகிறது. கோதுமைக்கு ஒன்றரை, உருளைக்கிழங்குக்கு அரை. இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டின் இறைச்சிக்கு நூறை நெருங்குகிறது. தானியங்களில் அரிசி சற்றுக் கனமானதுதான். வாரத்தில் சில வேளை கேழ்வரகோ கம்போ சாப்பிட்டால் தண்ணீரும் மீத்தேனும் குறையும். சோறு சாப்பிடுபவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டிய எண் அல்ல இது.

கடைசியாகக் காசு. வயலைக் காயவிட்ட விவசாயிக்கு, குறைந்த மீத்தேனுக்கு ஈடாகக் கார்பன் வரவுச் சந்தையிலிருந்து பணம் தரும் திட்டங்கள் இந்தியாவிலும் வந்துகொண்டிருக்கின்றன. யோசனை நல்லது, நடைமுறை வழுக்கும். வரவுச் சான்றிதழ் வழங்கும் வெர்ரா அமைப்பு, சீனாவில் இப்படி நெல் வயல்களின் பேரில் பதிவாகியிருந்த 37 திட்டங்களை 2024இல் தள்ளுபடி செய்தது. வயலில் முன்பு எப்போதும் தண்ணீர் நின்றதா, இப்போது அது உண்மையில் காய்ந்ததா என்பதை நிரூபிப்பதுதான் முழுச் சிக்கலும். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் செயற்கைக்கோள் ரேடாரால் வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று ஓரளவு சொல்ல முடியும். ஆனால் நம் ஊரின் அரை ஏக்கர், கால் ஏக்கர் துண்டுகளில், வரப்புக்கு வரப்பு வேறு முறையில் பாயும் இடத்தில், குழாய்க்குள் எட்டிப் பார்த்துத் தேதிவாரியாகக் குறித்துவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் கூலி யார் பங்கிலிருந்து கழிகிறது என்பதை, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கும் முன்பே விவசாயி கேட்டுக்கொள்வது நல்லது.